முதலில் ஓர் அளவு நாடா: இதயத்துக்கும் பாதத்துக்கும் வாங்கும் பொருட்களில் எது தேறும்?

பிபி மெஷின், மெத்தென்ற செருப்பு, அழுத்தக் காலுறை. இதயத்தையும் காலையும் பார்த்துக்கொள்வதற்காக வீட்டுக்கு வாங்கும் பொருட்களில் முக்கியமானவை இந்த மூன்றும்தான். மூன்றும் அலமாரி மூலைக்குப் போவதற்கும், சில சமயம் கெடுதலே செய்துவிடுவதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: அளவெடுக்காமல் வாங்கியது. கையின் சுற்றளவு தெரியாமல் மெஷின், பாதத்தின் அகலம் தெரியாமல் செருப்பு, கணுக்காலின் சுற்றளவு தெரியாமல் காலுறை. ஆகவே இந்த மதிப்பீட்டில் முதலிடம் தையல்காரர் கழுத்தில் தொங்கும் அந்த நாடாவுக்கு. அது கையில் இல்லாமல் மற்ற எதையும் வாங்கப் போக வேண்டாம்.

இதயத்தையும் பாதத்தையும் சேர்த்துப் பேசக் காரணம் இருக்கிறது. இதயத் தமனியில் கொழுப்பு படிந்து அடைப்பதுபோல் கால் தமனியிலும் படியும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்று இளைப்பாறினால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றால் அந்த அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தும் கூடுதல். இரண்டு கணுக்காலும் சாயங்காலமானால் வீங்குவது இதயம் தளர்வதால் இருக்கலாம், சிறுநீரகக் கோளாறால் இருக்கலாம், சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் இருக்கலாம். புகைப் பழக்கம் இருந்தால் முதலில் விட வேண்டியது அதுதான். கீழே சொல்லப்போகும் எந்தப் பொருளும் அதற்கு ஈடு செய்யாது.

மேல்கை பிபி மெஷின்

கட்டாயம் வாங்கலாம், பட்டை சரியாக இருந்தால். தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, நாடாவால் சுற்றளவு எடுங்கள். பல மெஷின்களோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை உள்ள கைகளுக்கானது. உங்கள் அளவு 33 என்றால், கடைக்காரர் "கட்டிப் பார்த்தேன், ஒட்டிக்கொள்கிறதே" என்பார். ஒட்டிக்கொள்வது போதாது. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் குறைந்தது முக்கால் பங்கையாவது சுற்றி வர வேண்டும். சுற்றாவிட்டால் தமனியை அமுக்கக் கூடுதல் காற்று தேவைப்படும், மெஷின் அதையே உங்கள் ரத்த அழுத்தமாகக் காட்டிவிடும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 20 அளவுக்கு ஏறித் தெரிந்தது. மாத்திரையைக் கூட்டுவதற்கே அந்த எண் போதும். மெலிந்த கையில் பெரிய பட்டை கட்டினால் தலைகீழ்: எண் குறைவாகத் தெரிந்து, இருக்கும் நோய் மறைந்துபோகும்.

பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும். ஆனால் அதே நிறுவனம் அதே மாதிரிக்கென்று (மாடலுக்கென்று) தரும் பட்டையைத்தான் வாங்க வேண்டும். பட்டையில் எழும் அதிர்வை வைத்து எண்ணைக் கணக்கிடும் முறை மெஷினுக்கு மெஷின் வேறுபடும். வேறு பட்டையின் குழாய் பொருந்திவிட்டால் கணக்கும் பொருந்திவிடும் என்று நம்ப முடியாது.

அடுத்து பெட்டியில் தேட வேண்டியது புளூடூத்தோ வண்ணத் திரையோ அல்ல. அந்த மாடல் மருத்துவ முறைப்படி சோதிக்கப்பட்டதா என்பதைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற தரத்தின் பொதுவான சோதனையில் குறைந்தது 85 பேரிடம் அளந்து பார்க்கிறார்கள். சராசரி வேறுபாடு 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருந்தால்தான் தேர்ச்சி, அளவுக்கு அளவு எண் சிதறுவதற்கும் வரம்பு உண்டு. தேறிய மாதிரிகளை ‘ஸ்ட்ரைடு பிபி’ என்ற இணையப் பட்டியலில் பார்க்கலாம். நிறுவனப் பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, மாதிரி எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அரசு விற்பனை அனுமதி இருப்பது துல்லியத்துக்குச் சான்றாகாது.

மணிக்கட்டு மெஷின்? மேல்கைக்கு எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களுக்கு மட்டும், அதுவும் மணிக்கட்டை இதய மட்டத்தில் பிடிக்கும் பொறுமை இருந்தால். விரலில் மாட்டுவது வேண்டாம். பட்டையே இல்லாமல் அழுத்தம் சொல்லும் கைக்கடிகாரங்களை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

மெஷின் நல்லதாக இருந்தும் எண் தப்பாக வருவது உட்காரும் விதத்தால். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். காபி, தேநீர், புகை, நடை எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, இரண்டு பாதமும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல், 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கைபேசியும் வேண்டாம். சட்டைக் கையை உருட்டி ஏற்றினால் அதுவே இன்னொரு பட்டையாக இறுக்கும், ஆகவே கையை வெளியே எடுத்துவிடுங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, குழாய் உள்ளங்கைப் பக்கம், பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கை மேசைமேல், பட்டை மார்பின் நடு உயரத்தில். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கை 10 செ.மீ. கீழே தொங்கினாலே எண் 7, 8 வரை கூடிக் காட்டும். மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணை போதும்.

காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், இரவில் படுக்கும் முன், ஒவ்வொரு முறையும் 1 நிமிடம் விட்டு இரண்டு அளவு. இப்படி 7 நாள் எடுத்தால் 28 அளவுகள் சேரும். முதல் நாளின் நான்கையும் ஒதுக்கிவிட்டு மீதி 24-க்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் உயர் ரத்த அழுத்தம் என்று பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அமெரிக்க வழிகாட்டுதலில் வரம்பு 130/80. முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். தொடர்ந்து 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இனி எண் கூடிய கையில் மட்டும் அளக்க வேண்டும், மருத்துவரிடம் அந்த வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். அதுவும் கை, கால் தமனி அடைப்பின் தடயமாக இருக்கலாம்.

ஒரே ஒரு எண் ஏறியதும் பயந்து அடுத்தடுத்துப் பத்து முறை அழுத்துவதை நிறுத்துங்கள். பதற்றமே எண்ணை ஏற்றும். ஆனால் 180/120-ஐத் தாண்டிய எண்ணோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு ஏதாவது சேர்ந்தால் மறுபடி அளந்து நேரத்தைப் போக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். திரையில் துடிப்பு ஒழுங்கின்மைக் குறி அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். துடிப்பு தாறுமாறாக இருக்கும்போது மெஷினின் எண்ணையும் முழுதாக நம்ப முடியாது.

எடை பார்க்கும் மெஷினையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கொழுப்பு வீதம், எலும்பு எடை என்று பத்து எண் காட்டும் வகை தேவையில்லை. 100 கிராம் வித்தியாசம் காட்டும் சாதாரண டிஜிட்டல் வகை போதும். இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், கெட்டியான தரையில் வைத்து ஏறுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் உடம்பில் தேங்கிய நீர். கால் வீக்கம் கண்ணில் படும் முன்பே இந்த எண் சொல்லிவிடும்.

செருப்பும் ஷூவும்

"டயாபடிக்" என்று ஒட்டிய சீட்டை நம்பி வாங்கும் பொருள் இது. சீட்டு எதையும் காப்பதில்லை. சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்தில் புண் வருவது பெரும்பாலும் ஒரே நாளில் ஏதோ குத்தியதால் மட்டுமல்ல, ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழும் அழுத்தத்தாலும் உராய்வாலும். அந்த இடத்தில் தோல் தடிக்கும். தடிப்பு கல்போல் உள்ளே அமுக்கும். அடியில் ரத்தம் கட்டி, கடைசியில் வெடிக்கும். வலி தெரியாததால் நடை நிற்காது. எனவே செருப்பின் வேலை அழுத்தத்தைப் பரப்புவதும், உராய்வைக் குறைப்பதும், ஆணியும் கண்ணாடித் துண்டும் உள்ளே வராமல் தடுப்பதும்.

சாயங்காலம் அளவெடுங்கள், அப்போதுதான் பாதம் அன்றைய நாளின் முழு அளவில் இருக்கும். காகிதத்தின் மேல் எடை போட்டு நின்று, பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்து, வேறொருவரைக் கொண்டு இரண்டு பாதத்தையும் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். வரைந்ததை வெட்டி எடுத்து ஷூவின் கழற்றிய இன்சோல் (உள் மெத்தை) மேல் வையுங்கள். காகிதம் எங்கே வெளியே நீட்டுகிறதோ அங்கே தோல் தேயும். உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும், அகலம் விரல் மூட்டுகளின் அகலத்துக்குச் சரியாக இருக்கட்டும், மேலே விரல்கள் முட்டாத உயரம் வேண்டும்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. உணர்ச்சி குறைந்தவர்கள் சரியான அளவைப் போட்டுப் பார்த்து "லொடலொட என்று இருக்கிறது" என்பார்கள். இறுக்கினால்தான் அவர்கள் பாதத்துக்குச் செருப்பு இருப்பதே தெரியும். அதனால் விரும்பியே ஒரு எண் சிறியதைத் தேர்ந்தெடுப்பார்கள். கால் சொல்வதை விட்டுவிட்டுக் காகிதம் சொல்வதைக் கேட்க வேண்டிய இடம் இது.

கடையிலேயே செய்யக்கூடிய நான்கு சோதனைகள்: இன்சோலைக் கட்டைவிரலால் அமுக்குங்கள், இறங்கி, விட்டதும் எழும்பி வர வேண்டும். அடிப்பாகம் விரல் மூட்டுக்கு நேரே மடங்கலாம், நடுவில் மடங்கினால் வேண்டாம். துணி பிழிவதுபோல் முறுக்கினால் திருகிக்கொள்ளக்கூடாது. கையை உள்ளே விட்டுத் தடவினால் தையலோ முடிச்சோ தட்டுப்படக்கூடாது. விரல் இடுக்கில் வார் வரும் செருப்பு மரத்த பாதத்துக்கு ஆகாது, அந்த இடுக்கில்தான் கொப்புளம் கிளம்பும். குதிகால் வார் இல்லாத செருப்பு நடக்கும்போது கழன்று போனதுகூடத் தெரியாமல் போகும். முன்னால் வெல்க்ரோ, பின்னால் வார், இந்த அமைப்பே நல்லது. வீங்கும் காலுக்கு வெல்க்ரோவைத் தளர்த்திக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

புதிதை முதல் நாள் 1 மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி ஆகியும் மறையாவிட்டால் அந்த இடத்தில் இடிக்கிறது என்று பொருள். பழகும், இளகும் என்று தொடர வேண்டாம். மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குவது இதற்காகத்தான். இன்சோல் மாதங்கள் போகப்போக அமுங்கித் தட்டையாகிவிடும். மேல்பகுதி புதிதுபோல் மின்னுவதால் யாரும் கவனிப்பதில்லை. விரல் மேட்டுக்கு நேரே குழி விழுந்து எழும்பாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது, ஆகவே இன்சோல் மட்டும் மாற்றக்கூடிய மாதிரியே சிக்கனம். ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களும், விரல் வளைந்தவர்களும், விரல் எடுக்கப்பட்டவர்களும் ஆயத்தச் செருப்பை வாங்கவே வேண்டாம். பாதத்தை அச்செடுத்துச் செய்து தருபவரிடம் போக வேண்டும்.

முள் முள்ளாகப் புடைத்த அக்குபிரஷர் செருப்பு மரத்த பாதத்துக்கு நேரடி ஆபத்து. அழுத்தத்தைப் பரப்ப வேண்டிய இடத்தில் அது குவிக்கிறது. காந்தம் வைத்த இன்சோலுக்குச் செலவழிக்கக் காரணம் எதுவும் இல்லை.

அழுத்தக் காலுறை

நரம்புச் சுருட்டலுக்கும் சிரை வீக்கத்துக்கும் நல்ல பலன் தரும். ஆனால் மூன்றிலும் கவனம் அதிகம் தேவைப்படுவது இதற்குத்தான். பெட்டியில் "இரண்டாம் வகுப்பு" என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஜெர்மானியத் தரத்தில் இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 மி.மீ. பாதரசம், பிரிட்டிஷ் தரத்தில் அதே பெயருக்கு 18 முதல் 24. மருத்துவர் மி.மீ. அளவை எழுதித் தரச் சொல்லி, அந்த எண்ணைப் பெட்டியில் தேடுங்கள்.

செருப்புக்குச் சாயங்காலம் என்றால் இதற்குக் காலையில், வீக்கம் ஏறும் முன், அளவெடுக்க வேண்டும்: கணுக்காலின் மிக ஒல்லியான இடம், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். எழுந்து நடமாடும் முன்பே மாட்டுங்கள். மேல் விளிம்பு நீளமாக இருக்கிறதே என்று மடித்துவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிக் கயிறு கட்டியதுபோல் ஆகும். எண்ணெயோ களிம்போ தடவிய உடனே மாட்டினால் இழை கெடும். தினமும் போடுபவர்களுக்கு 3 முதல் 6 மாதத்தில் பிடிப்பு தளரும். எளிதாக ஏறுகிறது என்று மகிழும் நாளில் அது மாற்ற வேண்டியதாகியிருக்கும்.

கால் தமனி அடைப்பு இருப்பவர் இதைப் போட்டால் ஏற்கெனவே குறைந்திருக்கும் ரத்தம் இன்னும் குறையும், தோல் கருகலாம். ஆகவே மாட்டும் முன் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுக்கும் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். விடை 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. 1.40-ஐத் தாண்டினால் தமனிச் சுவர் இறுகியிருக்கிறது, எண்ணை நம்பாமல் கால்விரலின் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், நாள்பட்ட சர்க்கரை நோயில் இது உண்டு. முற்றிய இதயத் தளர்ச்சியில் காலில் நின்ற நீரை மேலே தள்ளுவது இதயத்துக்குப் பாரம் கூட்டும். பாதம் மரத்தவருக்குச் சுருக்கம் அறுப்பது தெரியாது. இவர்கள் மூவருக்கும் கடையில் தானாக வாங்கும் பொருளே அல்ல இது.

சின்னச் சாமான்கள்

நீளக் கைப்பிடிக் கண்ணாடியை வாங்குங்கள். குனிய முடியாதவரும் உள்ளங்காலைப் பார்க்க முடியும். பிபி பார்த்து முடித்த அதே நாற்காலியில், பட்டையைக் கழற்றிய பிறகு, பாதத்தைப் பார்ப்பது நல்ல ஏற்பாடு. முன்னால் செய்தால் குனிந்து நிமிர்ந்ததில் எண் கூடும்.

உணர்ச்சி சோதிக்க 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை வீட்டுக்கு அவசியமில்லை. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆட்காட்டி விரலால் 1, 2 விநாடி மெல்லத் தொடுங்கள், அழுத்தாதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் காக்கும் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். இப்ஸ்விச் தொடு சோதனை என்று இதற்குப் பெயர்.

தொடாமல் வெப்பம் பார்க்கும் அகச்சிவப்புக் கருவி, முன்பு புண் வந்தவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். இரண்டு பாதத்திலும் அதே இடத்தை ஒப்பிட வேண்டும். 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் அடுத்தடுத்து இரண்டு நாள் தெரிந்தால் நடையைக் குறைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நெற்றி வெப்பமானியை அப்படியே பயன்படுத்தினால் அது உடல் வெப்பமாக மாற்றிய எண்ணைக் காட்டும். பரப்பு வெப்பம் காட்டும் வசதி உள்ளதாக இருக்க வேண்டும்.

வறண்ட தோலுக்கு 10 சதவீத யூரியா களிம்பு, பித்தவெடிப்புக்கு 25 சதவீதம். விரல் இடுக்கில் தடவக் கூடாது, ஈரம் தேங்கிச் சேற்றுப்புண் வரும். கால் ஆணி பிளாஸ்திரி வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது சாலிசிலிக் அமிலம், ஆணியையும் நல்ல தோலையும் அது வேறுபடுத்துவதில்லை. வெந்நீர்த் தொட்டி, சூடேற்றும் மசாஜ் மெஷின் இரண்டும் மரத்த பாதத்தில் கொப்புளம் போட்டுவிடும். கழுவும் நீர் 37 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும், பாதத்தால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள், ஊறவைக்காமல் கழுவித் துடையுங்கள். மின்துடிப்பு அனுப்பும் பாத மெஷின் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் காலில் ரத்தக்கட்டி உள்ளவர்களுக்கும் ஆகாது. கெண்டைத் தசையை வேலை செய்ய வைப்பதுதான் நோக்கம் என்றால், நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலை உயர்த்தி இறக்குவதே அந்த வேலையைச் செய்துவிடும்.

கண்ணாடியில் பார்க்கும்போது கொப்புளம், வெடிப்பு, தடிப்பின் நடுவே கறுத்த புள்ளி, நகத்தோரச் சிவப்பு எது தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். அடிபடாமலே ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடேறி, வீங்கினால் எலும்பே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். வலி இல்லாவிட்டாலும் அந்தக் காலில் எடை போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். செருப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், எங்கே தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.